மதகு உள்ள ஊர்

நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையத்தில் காவிரிக்குக் குறுக்கே ஒரு படுகை அணை இருக்கிறது. அங்கிருந்து இராஜவாய்க்கால் பிரிகிறது. கொமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் என்று அந்தப் பாசன வரிசை நீண்டு வருகிறது. மோகனூர்ப் பக்கத்து வாழையும் கரும்பும் கோரையும் இந்த வரிசையை நம்பியவை. வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் யாருடையது என்பது ஒரு கேள்வி. மதகு யாருடைய ஊரில் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடை கிடைப்பது அரிது.

நாடுகளுக்கு இடையே மின்சாரம் ஓடுவதைப் புரிந்துகொள்ள இந்த அறிவு பெரிதும் உதவும். 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இரு நாட்டு மின்சார அமைப்புகளையும் பாக் நீரிணைக்குக் குறுக்கே இணைத்து, மின்சாரத்தை வாங்கவும் விற்கவும் வழி செய்வது அதன் நோக்கம். அதே நாளில், திருகோணமலையை ஆற்றல் மையமாக வளர்க்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் சேர்ந்து இன்னோர் ஒப்பந்தம் செய்தன. தெற்காசியாவுக்கு இந்தியாவே ஆற்றல் மையம் என்ற பேச்சும் சில ஆண்டுகளாக அடிக்கடி காதில் விழுகிறது. ஆற்றல் மையம் என்றால் என்ன? அங்கே எது வந்து சேர்கிறது, எது பிரிந்து போகிறது? அதற்கு யார் நிலம் கொடுக்கிறார்கள்? நம் வயல்களுக்கு மேலே போகும் கம்பியிலிருந்தே தொடங்கலாம்.

சென்னை மாகாணத்தில் மின்சாரம் முதலில் தனித்தனித் தீவுகளாக இருந்தது. 1932-ல் நீலகிரியின் பைக்காரா. 1937-ல் நம் மேட்டூர். 1944-ல் தெற்கே பாபநாசம். ஒவ்வொரு நீர்மின் நிலையமும் தன்னைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கொடுத்தது. பைக்காராவில் மழை பொய்த்தால் கோயம்புத்தூர் ஆலைகள் தவிக்கும். மேட்டூரில் தண்ணீர் இருந்தாலும் அதன் மின்சாரம் அங்கே போக வழியில்லை. பிறகு இந்த மூன்றையும் கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் குறைந்தால் இன்னொன்று ஈடு செய்யும் ஏற்பாடு வந்தது. இப்படிப் பல நிலையங்களும் பல ஊர்களும் ஒரே கம்பி வலையில் சேர்ந்திருப்பதை மின்தொகுப்பு என்கிறோம். நாடு கடந்த இணைப்பும் இதே யோசனைதான். நடுவில் எல்லைக்கோடு ஒன்று கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடு பல விஷயங்களை மாற்றிவிடுகிறது.

மின்தொகுப்புக்கு ஒரு கண்டிப்பான இயல்பு உண்டு. தண்ணீரை மேட்டூரில் தேக்கிவைத்து ஜூன் 12-க்குத் திறக்கலாம். மின்சாரத்தைப் பெரிய அளவில் அப்படித் தேக்க முடியாது. எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலையைக் காட்டும் முள்தான் அலைவெண். நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. அந்த 50 என்ற எண்ணே அலைவெண். செலவு கூடி உற்பத்தி குறைந்தால் 50 என்பது 49.9, 49.8 என்று இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும்.

தேர் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே வடத்தை ஆயிரம் பேர் பிடித்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே தாளத்தில் இழுத்தால் தேர் நகரும். மாறுதிசை மின்சாரத்தில் இணைந்த எல்லா மின்னாக்கிகளும் அப்படி ஒரே வடத்தில் நிற்பவை. இதை ஒத்திசைவு என்பார்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்துப் பெரிய இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், அதே வகை இயந்திரம் சத்தீஸ்கரிலும் அதே வேகத்தில்தான் சுற்றும். இதில் பலமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. ஒருவர் கை தளர்ந்தால் மற்றவர் தாங்குவார்கள். பலர் ஒரே நேரத்தில் விழுந்தால் வடமே அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

அந்த ஆபத்தை 2012-ல் நாடு பார்த்தது. ஜூலை 30 அன்று வடக்கு மின்தொகுப்பு சரிந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து சரிந்தன. ஏறத்தாழ 60 கோடிப் பேர் வாழும் நிலப்பரப்பு இருண்டது. அந்த இரண்டு நாளும் தென்னிந்தியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், தெற்கு அப்போது அதே வடத்தில் இல்லை. வடக்குக்கும் தெற்குக்கும் இடையே இணைப்புகள் இருந்தன. ஆனால் அவை வேறு வகை இணைப்புகள். அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். இலங்கைக்குப் போகவிருக்கும் இணைப்பும் அந்த வகைதான்.

வடத்தில் இல்லாததால் தப்பித்தோம் என்பது உண்மை. வடத்தில் இல்லாததால் தவித்தோம் என்பதும் உண்மை. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் நிலவிய மின்வெட்டை மறந்தவர் இருக்க மாட்டார்கள். கிராமங்களில் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று இரவெல்லாம் விழித்திருந்த காலம் அது. அப்போது மத்திய இந்தியாவில் மின்சாரம் விற்பனைக்கு இருந்தது. அதைத் தெற்கே கொண்டுவரப் போதிய கம்பி இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயங்கத் தொடங்கியது. அன்றுதான் தெற்கும் அந்த ஒரே வடத்தைப் பிடித்தது. நாடு முழுவதும் ஒரே அலைவெண், ஒரே மின்தொகுப்பு. இந்தியாவுக்குள் இந்த இணைப்பு முடிந்ததால்தான் வெளிநாடுகளுக்கு இணைப்பு கொடுக்கும் பேச்சு வலுப்பெற்றது. வீட்டுக்குள் வாய்க்கால் வெட்டாமல் பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட முடியாதல்லவா.

அந்த வேறு வகை இணைப்புக்கு நேர்திசை மின்சாரம் என்று பெயர். அது அலைவதில்லை. டார்ச் விளக்கின் பேட்டரியில் இருப்பதுபோல ஒரே திசையில் ஓடும். மின் நிலையத்தில் கிடைப்பது மாறுதிசை. எனவே ஒரு முனையில் அதை நேர்திசையாக மாற்ற வேண்டும். மறுமுனையில் திரும்பவும் மாறுதிசையாக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் இடம் மாற்றி நிலையம். செலவு அதிகமான இடம் அது. ஆனால் தூரம் கூடக் கூட, கம்பியில் வீணாகும் மின்சாரம் மாறுதிசையைவிடக் குறைவு என்பதால் அந்தச் செலவு ஈடாகிவிடுகிறது.

இதற்கு உலக அளவில் பெரிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று நம் கொங்கு மண்ணிலேயே வந்து முடிகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை பவர் கிரிட் நிறுவனம் இழுத்த 800 கிலோவோல்ட் நேர்திசைத் தடம் அது. நீளம் 1,700 கிலோமீட்டருக்கும் மேல். 2020, 2021 ஆண்டுகளில் படிப்படியாக இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 6,000 மெகாவாட். ஒரு மெகாவாட் என்பது ஆயிரம் கிலோவாட். ஐந்து குதிரைத்திறன் பம்புசெட் ஒன்று எடுப்பது நாலு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆக, ஏறத்தாழ 16 லட்சம் பம்புசெட்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய மின்சாரம் அந்த ஒரு தடத்தில் வர முடியும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அந்தத் தடத்தின் திறன் அதில் கால் பங்குக்கு மேல். இலங்கை முழுவதன் உச்சத் தேவை 3,000 மெகாவாட்டுக்குள்தான். அதைப்போல இரண்டு மடங்கு.

புகளூரிலிருந்து இன்னொரு நேர்திசைத் தடம் கேரளத்தின் திருச்சூருக்குப் போகிறது. 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட். 2021 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஆக, வடக்கிலிருந்து வருவது இங்கே சேர்கிறது, மேற்கே பிரிகிறது. காற்றாலைகள் வேகமாகச் சுற்றும் மே முதல் செப்டம்பர் வரையான காலத்தில் தமிழ்நாட்டில் மின்சாரம் மிஞ்சினால், ராய்கர் தடத்தையே திருப்பி வடக்கே அனுப்பவும் முடியும். தண்ணீர் ஏறி ஓடும் வாய்க்கால் உலகத்தில் இல்லை. மின்சார வாய்க்காலில் அது முடிகிறது. மையம் என்ற சொல்லின் முதல் பொருள் இங்கே கிடைத்துவிடுகிறது. பல தடங்கள் கூடும் இடம், எந்தத் திசையிலும் திருப்பிவிடக்கூடிய இடம்.

நேர்திசை இணைப்பின் இன்னோர் இயல்பு நாட்டு எல்லையில் மிக முக்கியமாகிறது. அது இரண்டு தேர்களின் வடங்களை முடிச்சுப் போடுவதில்லை. ஒரு தேரிலிருந்து இத்தனை ஆட்கள் என்று எண்ணி இன்னொரு தேருக்கு அனுப்புகிறது. அந்தத் தேர் பள்ளத்தில் இறங்கினால் இந்தத் தேரையும் இழுத்துக்கொண்டு போகாது. எத்தனை மெகாவாட் போக வேண்டும் என்று ஒரு பொறியாளர் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து நிர்ணயிக்கலாம். 2012-ல் தெற்கைக் காப்பாற்றியது இதுதான்.

இனி எல்லை தாண்டுவோம். இந்தியாவின் பழைய கூட்டாளி பூட்டான். இந்தியப் பணத்தில் கட்டப்பட்ட 336 மெகாவாட் சூக்கா நீர்மின் நிலையம் 1980-களின் பிற்பாதியிலிருந்து இங்கே மின்சாரம் அனுப்புகிறது. பிறகு 1,020 மெகாவாட் தாலா வந்தது. பூட்டான் அரசின் வருவாயில் மின்சார ஏற்றுமதிக்குப் பெரிய இடம் உண்டு. வங்கதேசத்துக்கு 2013 அக்டோபரில் மேற்கு வங்கத்தின் பஹரம்பூரிலிருந்து பேராமாராவுக்கு 500 மெகாவாட் இணைப்பு வந்தது. 2018-ல் அது 1,000 ஆனது. அங்கேயும் நடுவில் நேர்திசை மாற்றிதான் நிற்கிறது. நேபாளத்தின் கதை இன்னும் சுவையானது. ஒரு காலத்தில் காத்மாண்டுவில் குளிர்காலத்தில் நாளுக்குப் பாதிக்கு மேல் மின்சாரம் இருக்காது. இந்தியாவின் முசாபர்பூரிலிருந்து நேபாளத்தின் தல்கேபாருக்குப் போகும் தடம் 2016-ல் இயங்கத் தொடங்கியது. முதலில் இந்திய மின்சாரம் அங்கே போனது. நேபாளம் தன் ஆறுகளில் நிலையங்கள் கட்டி முடித்த பிறகு, 2021 நவம்பரிலிருந்து மழைக்கால மிச்சத்தை இந்தியச் சந்தையில் விற்கத் தொடங்கியது. வாங்கியவர் விற்பவரானார். தடம் அதேதான்.

இந்த வரிசையில் அளவால் மிகச் சிறியது, பொருளால் மிகப் பெரியது 40 மெகாவாட் வணிகம் ஒன்று. நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் பொது எல்லை இல்லை. நடுவே சிலிகுரி அருகில் இந்திய நிலம் ஒரு குறுகிய துண்டாக நிற்கிறது. 2024 அக்டோபர் 3 அன்று மூன்று நாட்டு நிறுவனங்களும் காத்மாண்டுவில் ஒப்பந்தம் செய்தன. ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை நேபாளம் 40 மெகாவாட் விற்கும். வங்கதேசம் வாங்கும். விலை யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். 2024 நவம்பரில் ஒரு நாள் மட்டும் மின்சாரம் ஓடியது. 2025 ஜூன் முதல் பருவம் முழுவதற்குமாகத் தொடங்கியது.

இது எப்படி நடக்கிறது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். நேபாளத்து மின்சாரம் தனி மூட்டையாகக் கட்டப்பட்டு வங்கதேசத்தில் அவிழ்க்கப்படுவதில்லை. முசாபர்பூரில் 40 மெகாவாட் உள்ளே வந்ததை மீட்டர் பதிவு செய்கிறது. பஹரம்பூர் வழியே அதே அளவு வெளியே போனதை இன்னொரு மீட்டர் பதிவு செய்கிறது. இடையில் இந்திய மின்தொகுப்பு என்ற பெரிய ஏரி இருக்கிறது. ஏரியின் இந்தப் பக்கம் பத்துக் குடம் ஊற்றியவர், அந்தப் பக்கம் பத்துக் குடம் எடுத்துக்கொள்ளும்படி தன் உறவினருக்குச் சொல்வதுபோல. அதே தண்ணீரா என்று யாரும் கேட்பதில்லை. ஏரிக்காரர் கணக்கு வைக்கிறார். தன் கரையைப் பயன்படுத்தியதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்.

மையத்தின் இரண்டாவது பொருள் இதில் தெரிகிறது. இந்தியா இங்கே விற்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை. ஆனால் இந்தியா ஒத்துக்கொள்ளாமல் இந்த வணிகம் நடக்காது. தெற்காசிய வரைபடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். நேபாளம், பூட்டான், வங்கதேசம் மூன்றும் இந்தியாவைத் தொடுகின்றன. ஒன்றையொன்று தொடுவதில்லை. புவியியலே இந்தியாவை மதகு உள்ள ஊராக்கி வைத்திருக்கிறது.

மதகு இருந்தால் விதி எழுதும் அதிகாரமும் வரும். எல்லை தாண்டிய மின்வணிகத்துக்கு இந்தியா 2016-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2018-ல் அதைத் தளர்த்தி மாற்றியது. அண்டை நாட்டு நிலையம் ஒன்றில், இந்தியாவோடு நில எல்லை இருந்தும் மின்துறை உடன்பாடு இல்லாத வேறொரு நாட்டின் முதலீடு இருந்தால், அதன் மின்சாரம் இந்தியச் சந்தைக்குள் வர முடியாதபடி பிறகு விதிகள் அமைந்தன. நடைமுறையில் இது சீனாவைக் குறிக்கிறது. நேபாளத்தில் சீன நிறுவனங்கள் கட்டிய நிலையங்களுக்கு இந்த வாசல் மூடியிருக்கிறது. பாதுகாப்பு என்ற கோணத்தில் இதற்கு நியாயம் சொல்ல முடியும். நேபாளத்தின் கோணத்தில், தன் ஆற்றில் யாரைக் கொண்டு அணை கட்டலாம் என்பதைத் தன் வாடிக்கையாளர் தீர்மானிப்பதாகத் தோன்றும். இரண்டும் ஒரே விதியைப் பற்றிய உண்மைகள்தான்.

பாக்கிப் பணமும் ஒரு விஷயம். ஜார்க்கண்டின் கோட்டாவில் அதானி நிறுவனம் வங்கதேசத்துக்காகவே கட்டிய 1,600 மெகாவாட் நிலையம் 2023-ல் இயங்கத் தொடங்கியது. நிலுவைத் தொகை சேர்ந்ததால் 2024 அக்டோபர் இறுதியில் அது தன் அனுப்பும் அளவைப் பாதியாகக் குறைத்தது. வங்கதேசத்தில் அப்போதுதான் ஆட்சி மாறியிருந்தது. இத்தகைய இணைப்பில் ஒரு நாட்டின் வெளிநாட்டுப் பணக் கையிருப்பும் மின்விளக்கும் ஒரே கம்பியில் தொங்குகின்றன.

இந்த இடத்தில் நாமக்கல்லின் தொழில் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சமையல் எரிவாயுவை மொத்தமாக ஏற்றும் டேங்கர் லாரிகளுக்குத் தென்னிந்தியாவில் நாமக்கல்தான் தலைமையிடம். அந்த உரிமையாளர்களின் சங்கமும் இங்கேதான். இந்தியா பயன்படுத்தும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. பெரும்பகுதி மேற்கு ஆசியாவிலிருந்து. துறைமுக முனையங்களில் இறங்கிய எரிவாயுவை நம் ஊர் ஓட்டுநர்கள் ஏற்றிச் சிலிண்டர் நிரப்பும் ஆலைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு முனையத்தில் லோடு இல்லையென்றால் டேங்கர் இன்னொரு முனையத்துக்குத் திரும்பும். சாலை அடைபட்டால் வேறு சாலை. மின்தடத்துக்கும் குழாய்க்கும் அந்தச் சுதந்திரம் கிடையாது. பிகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 2019 செப்டம்பரில் 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் திறக்கப்பட்டது. அதற்கு முன் டீசல் லாரியில் போனது. குழாய் மலிவு, விரைவு, சிந்துவதில்லை. ஆனால் பதித்த பிறகு அதை வேறு ஊருக்குத் திருப்ப முடியாது. இரண்டு நாடுகள் பல பத்தாண்டுகளுக்கு ஒன்றையொன்று நம்பியே ஆக வேண்டும். டேங்கர் வாடகை பேசுவதைப் போன்ற உறவு இது இல்லை, சம்பந்தம் செய்துகொள்வதைப் போன்றது.

இலங்கைக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் கடல் தூரம் தலைமன்னார் அருகே சுமார் 30 கிலோமீட்டர்தான். இருந்தும் இரண்டு மின்தொகுப்புகளும் இன்றுவரை ஒன்றையொன்று தொட்டதில்லை. 2010 ஜூனில் சாத்தியக்கூற்றை ஆராய ஓர் ஒப்பந்தம் வந்தது. முதலில் மதுரையிலிருந்து அனுராதபுரம் வரை பேசப்பட்டது. பிறகு மறுமுனை மன்னாராகச் சுருங்கியது. 2023 ஜூலையில் இரு நாட்டுத் தலைவர்களும் டெல்லியில் வெளியிட்ட தொலைநோக்கு அறிக்கையில் மின்தொகுப்பு இணைப்பும் எண்ணெய்க் குழாயும் இடம்பெற்றன. அதன் பிறகு இலங்கையில் ஆட்சி மாறியது. புதிய ஆட்சியும் 2025-ல் அதே திசையில் கையெழுத்திட்டது.

இலங்கைக்கு இது ஏன் தேவைப்படுகிறது? 2025 பிப்ரவரி 9 அன்று நடந்ததைப் பார்த்தால் புரியும். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியைத் தொட்டுவிட்டது. நாடு முழுவதும் மின்சாரம் போனது. குரங்கைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். காரணம் அதைவிட ஆழமானது. பழைய ஆயில் இன்ஜினை நினைவிருப்பவர்கள் அதன் பக்கவாட்டில் இருந்த கனத்த சக்கரத்தையும் நினைவில் வைத்திருப்பார்கள். எண்ணெய் ஒரு கணம் தடுமாறினாலும் அந்தச் சக்கரத்தின் கனம் இன்ஜினை ஓட வைக்கும். மின் நிலையங்களின் பெரிய இயந்திரங்கள் மின்தொகுப்புக்கு அப்படிப்பட்ட சக்கரங்கள். சூரியத் தகட்டில் சுற்றும் சக்கரம் எதுவும் இல்லை. விடுமுறை நாள், தேவை குறைவு, வெயில் நன்றாக இருந்ததால் சூரிய மின்சாரம் நிறைய. சுற்றிக்கொண்டிருந்த கனம் குறைவு. ஒரு தடுமாற்றத்தைத் தாங்க முடியவில்லை. இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே மாதம் 250 ஜிகாவாட்டைத் தொட்டது, அதாவது இரண்டரை லட்சம் மெகாவாட். அவ்வளவு பெரிய தேரில் ஓர் ஆள் தடுக்கி விழுந்தால் யாருக்கும் தெரியாது. சிறிய தேரில் அது எல்லோருக்கும் தெரியும்.

கடலடி இணைப்பை நேர்திசையில் கொண்டுபோவதற்கும் காரணம் இருக்கிறது. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் விட்டால் முதல் தண்ணீரை வாய்க்கால் மண்ணே குடித்துவிடும். மண் நனைந்த பிறகுதான் கடைமடைக்குப் போகும். உறை சுற்றிய கடலடிக் கம்பியும் அப்படியே. முதலில் கொஞ்சம் மின்சாரத்தைத் தானே உள்வாங்கிக்கொள்ளும். நேர்திசையில் இது ஒரு தடவையோடு முடிந்துவிடும். மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவதால், வாய்க்கால் ஒவ்வொரு முறையும் காய்ந்து மறுபடி நனைய வேண்டியிருக்கும். தூரம் கூடினால் அனுப்புவதில் பெரும்பகுதி நனைப்புக்கே போய்விடும். அதனால்தான் நேர்திசை. இலங்கைத் தொகுப்பின் தடுமாற்றம் இங்கே பரவாமலும், இங்கிருந்து நொடிக்குள் கை கொடுக்கவும் இதே ஏற்பாடு உதவும்.

நன்மையை மிகைப்படுத்தவும் கூடாது. காற்று மின்சாரத்தை இரு நாடும் பரிமாறிக்கொள்ளலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மன்னாரிலும் தமிழ்நாட்டிலும் பெருங்காற்று அடிப்பது ஒரே தென்மேற்குப் பருவத்தில்தான். அவர்களிடம் மிஞ்சும்போது நம்மிடமும் மிஞ்சும். தமிழ்நாடும் இலங்கையும் அருகருகே இருப்பதால் சூரியன் மறைவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான். ஆக, இலங்கைக்குக் கிடைக்கப்போகும் உண்மையான துணை தமிழ்நாட்டுக் காற்றும் வெயிலும் இல்லை. தமிழ்நாட்டின் வழியாகக் கிடைக்கும் அகில இந்தியத் தொகுப்பின் கனம்தான். அங்கே மழை பொய்த்து நீர்மின்சாரம் குறையும் ஆண்டில் விலையுயர்ந்த டீசலை எரிக்காமல் இங்கிருந்து வாங்கலாம். 2022-ல் டாலர் இல்லாமல் எரிபொருள் வாங்க முடியாது போய், நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. அந்த நாட்களில் இப்படி ஒரு கம்பி இருந்திருந்தால் ஓரளவு உதவியிருக்கும். அந்த மின்சாரத்துக்கும் பணம் தந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருகோணமலையில் மையம் என்ற சொல் எண்ணெயைக் குறிக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே கட்டிய எண்ணெய்த் தொட்டிகள் 99 இன்னும் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 12,000 கிலோலிட்டர் பிடிக்கும். 2022 ஜனவரி 6 அன்று அவற்றைப் பங்கிட்டார்கள். இலங்கை இந்தியன் ஆயிலுக்கு 14, இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மீதி 61 கூட்டு நிறுவனத்துக்கு. கூட்டில் இலங்கைக்கு 51 பங்கு, இந்தியாவுக்கு 49. இரண்டு பங்கின் அந்த வித்தியாசத்துக்காக எத்தனை ஆண்டுகள் பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பெரிய அண்டை வீட்டாரோடு கூட்டுச் சேரும் சிறிய வீட்டாருக்குச் சாவி தன் இடுப்பில் இருக்க வேண்டும் என்பது பெரிய விஷயம்.

இவ்வளவும் தலைநகரங்களில் பேசப்படுவது. கம்பி ஓடுவது வயல்களுக்கு மேல். ராய்கர்–புகளூர் உள்ளிட்ட தடங்களுக்கு உயர்மின் கோபுரங்கள் நடப்பட்டபோது, 2018, 2019 ஆண்டுகளில் சேலம், நாமக்கல், ஈரோடு, திருப்பூர் என மேற்கு மாவட்ட விவசாயிகள் தொடர்ந்து போராடினார்கள். 800 கிலோவோல்ட் தடத்தின் கீழ் ஏறத்தாழ 70 மீட்டர் அகலத்துக்குத் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. நிலம் பட்டாவில் அவர் பெயரில்தான் இருக்கும். விற்கப் போனால் விலை போகாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்தட நிறுவனத்துக்கு வழங்க இடம் தருகிறது. அந்த அதிகாரம் இருந்தால் நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரம் நடலாம். சேதத்துக்கு மட்டும் இழப்பீடு. தந்திக் கம்பத்துக்கு எழுதிய சட்டம் இவ்வளவு பெரிய கோபுரத்தைச் சுமக்கிறது.

கம்பியை நெடுஞ்சாலை ஓரமாகப் பூமிக்குள் பதியுங்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள். திருச்சூர்த் தடத்தில் கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் அப்படித்தான் பதிக்கப்பட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்பது நியாயமான கேள்வி. பொறியியல் விடை ஒன்று உண்டு. 320 கிலோவோல்டுக்கு நம்பகமான புதைவடம் சந்தையில் கிடைக்கிறது. 6,000 மெகாவாட் சுமக்கும் 800 கிலோவோல்டுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. ஆனால் இந்த விடை கோபுரம் ஏன் என்பதைத்தான் விளக்குகிறது. அதற்கான விலையை நில உடைமையாளர் ஏன் தனியாகச் சுமக்க வேண்டும் என்பதை விளக்கவில்லை. மத்திய மின்துறை அமைச்சகம் 2015-ல் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று வழிகாட்டியது. 2024 ஜூனில் அது 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்ந்தது. மாநிலங்கள் ஏற்றால்தான் நடைமுறைக்கு வரும். தடம் போட்ட பிறகு வந்த உயர்வு, முன்பே கோபுரம் நட்ட வயல்களுக்குப் பயன்படாது. அந்த விவசாயிகள் போராடியிராவிட்டால் இந்த உயர்வு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது எனக்கு ஐயம்தான்.

இந்தியா மையமாக இருப்பது தவறில்லை என்பதே என் எண்ணம். நேபாளத்து ஆறு டாக்காவில் விளக்கேற்றுவதற்கு நடுவில் யாராவது கணக்கு வைக்கத்தான் வேண்டும். ஆனால் மதகுக்காரர் மீது கடைமடைக்காரருக்கு நம்பிக்கை வர, திறக்கும் நேரமும் அளவும் முன்கூட்டியே தெரிய வேண்டும். காவிரி விஷயத்தில் கடைமடையில் நின்று அதைக் கேட்டவர்கள் நாம். மேல்மடையில் நிற்கும்போது அதே நியாயத்தை மற்றவர்களுக்குக் கொடுப்பது நமக்குப் பழகாத வேலை. அதேபோல, இலங்கைக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் தடக் கட்டணம் வசூலாகப்போகிறது. அதில் ஒரு சிறு பங்கைக் கோபுரம் நிற்கும் நிலத்துக்கு ஆண்டு வாடகையாகத் தர முடியாதா என்று ஆராயலாம். ஒரே தடவை இழப்பீட்டைவிட, கம்பி ஓடும் காலம்வரை வரும் வாடகை ஒரு குடும்பத்துக்கு நின்று உதவும்.

மதுரை–மன்னார்த் தடத்துக்குக் கையெழுத்துத்தான் ஆகியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. பாக் நீரிணையில் இரு கரை மீனவரும் வலை போடுகிறார்கள். கரைக்கு வந்த பிறகு அந்தக் கம்பி மதுரை வரை வறண்ட நிலத்துக்கு மேலே போக வேண்டும். அங்கே கோபுரம் நடுவதற்கு முன்பே வாடகையைப் பேசி முடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.